இருவர் மாறுகோள்: கள்ளிக்குடிப் பக்கத்து மாணவி ஒருவரின் கல்விசார் ஆங்கிலத் தயாரிப்பு

மதுரையிலிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை என்னிடம் படித்த ஒரு மாணவியின் தயாரிப்பை, அவருடைய இசைவோடு இங்கே பதிவு செய்கிறேன். அவர் பெயரையும் அவர் சேர்ந்த பல்கலைக்கழகத்தின் பெயரையும் தவிர்த்துவிட்டேன். இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், என்னிடம் வந்தவர்களில் இவர் மிகச் சிறந்தவர் என்பதோ மிகவும் பின்தங்கியவர் என்பதோ அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பெயரளவில் ஆங்கில வழியான கல்லூரியில் பொறியியல் முடித்து, இரண்டாண்டு வேலை பார்த்த பிறகு முதுநிலைப் படிப்புக்கு வெளிநாடு செல்ல நினைக்கும் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் பெருகி வருகிறார்கள். அவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் ஓர் இடத்தை இவருடைய எழுத்து மிகத் தெளிவாகக் காட்டியது.

மாணவியின் ஊர் கள்ளிக்குடிக்குப் பக்கம். தந்தை கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் சிறு விவசாயி. மாணவி கட்டுமானப் பொறியியல் படித்தவர் என்பதால் நீர்வள மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் படிக்க விரும்பி, பிரிட்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தார். ஜனவரியில் எழுதிய ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் திறன் தேர்வில் கேட்டலில் 6.5, வாசிப்பில் 6.0, எழுத்தில் 5.5, பேச்சில் 6.0 பெற்று, மொத்தத்தில் 6.0 வாங்கியிருந்தார். பல்கலைக்கழகம் கேட்டது மொத்தம் 6.5; எந்தப் பகுதியிலும் 6.0க்குக் குறையக் கூடாது. எனவே நிபந்தனையுடன் கூடிய இடமே கிடைத்தது. மாணவர் விசாவுக்கு அந்நாட்டு அரசு கேட்பது ஐரோப்பியப் பொது மொழிச் சட்டகத்தின் பி2 நிலை மட்டுமே. ஐ.இ.எல்.டி.எஸ். கணக்கில் அது ஒவ்வொரு பகுதியிலும் 5.5 என்பதால் விசாவுக்கு அவருடைய மதிப்பெண் போதும், சேர்க்கைக்குத்தான் போதவில்லை.

அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தேர்வை மறுபடி எழுதுவது. மற்ற மூன்று பகுதிகளும் அப்படியே நிற்க, எழுத்து 5.5இலிருந்து 6.5க்கு உயர்ந்தால் சராசரி 6.25 ஆகும், தேர்வு விதிப்படி அது 6.5 என முழுமையாக்கப்படும். மற்றொன்று, பல்கலைக்கழகமே முதன்மைப் படிப்புக்கு முன் கோடையில் நடத்தும் ஆறு வாரக் கல்விசார் ஆங்கிலப் படிப்பில் சேர்ந்து தேறுவது. பிரீ-செஷனல் என்று அங்கே வழங்கும் இந்தப் படிப்பைப் பற்றி நம் ஊரில் உள்ள பல பயிற்சி மையங்கள் பேசுவதே இல்லை. பேசினாலும், தேர்வில் தோற்றவர்களுக்கான தண்டனையைப் போலச் சொல்கின்றன. நான் இரண்டாவது வழியைப் பரிந்துரைத்தேன். வீட்டில் தயங்கினார்கள், கூடுதல் கட்டணம் என்பது அவர்களுக்குச் சிறிய விஷயமல்ல. அப்படியிருந்தும் நான் அதை வலியுறுத்தியதன் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம் நடக்கிறது. முதல் பணியில் வரைபடம் அல்லது அட்டவணை ஒன்றைக் குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். இரண்டாம் பணியில் பொதுவான ஒரு கேள்விக்குக் குறைந்தது 250 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும். அந்தக் கட்டுரைக்குத் தேவையான காரணங்களையும் எடுத்துக்காட்டுகளையும் சொந்த அறிவிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் தரும்படி வினாத்தாளே சொல்லிவிடுகிறது. அதாவது, வேறொருவர் எழுதியதைப் படித்து, எடைபோட்டு, அதன்மேல் தன் வாதத்தைக் கட்டும் வேலை அந்தத் தேர்வில் எங்குமே இல்லை. பல்கலைக்கழகத்தில் முதல் வாரத்திலிருந்து கேட்கப்படுவதோ அந்த வேலை மட்டும்தான். தேர்வைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அது மொழித்திறனை அளக்கும் கருவி, அந்த வேலையை ஒழுங்காகவே செய்கிறது. அளவுகோலையே பாடத்திட்டமாக்கி, 250 சொற்களுக்குள் எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் ஓர் அச்சை மனப்பாடம் செய்யவைத்து, அதையே ‘வெளிநாட்டுப் படிப்புக்கான ஆங்கிலம்’ என்று பிள்ளைகளை நம்பவைப்பதுதான் தவறு.

முதல் எழுத்து

மார்ச் முதல் வாரத்தில் அவருக்கு ஒரு கண்டறி பயிற்சி கொடுத்தேன். பொதுவளங்களைப் பற்றி எதிரெதிராக நிற்கும் இருவரின் கருத்துகளை ஒவ்வொரு பக்க அளவில் சுருக்கித் தந்து, அவற்றைக் கொண்டு 300 சொற்களில் ஒரு வாதம் எழுதச் சொன்னேன். ஒருவர் காரெட் ஹார்டின். எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரு மாட்டைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டே போனால் நிலம் பாழாவது உறுதி என்று 1968இல் வாதிட்டவர். மற்றவர் எலினார் ஆஸ்ட்ரோம்; உள்ளூர் மக்கள் தாமே விதி வகுத்துக் கண்காணித்துப் பொதுவளங்களை நெடுங்காலம் காத்துவந்திருக்கிறார்கள் என்பதைப் பல நாடுகளின் சான்றுகளால் காட்டி, 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர்.

மாணவி எழுதித் தந்த தாளை இன்றும் வைத்திருக்கிறேன். ‘இன்றைய நவீன உலகில்’ என்ற பொருளில் தொடங்கும் மனப்பாட வாக்கியம் ஒன்று முதலில் இருந்தது. அடுத்து ஹார்டின் சொன்னது ஒரு பத்தி, ஆஸ்ட்ரோம் சொன்னது ஒரு பத்தி. இறுதியில், இரண்டு கருத்துகளிலும் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு என்று முடிந்திருந்தது. ‘எ’, ‘தி’ என்னும் சுட்டுச் சொற்கள் விடுபட்டிருந்தன. முன்னிடைச் சொற்கள் இடம் மாறியிருந்தன. இவை தமிழ் பேசுவோர் எல்லோருக்கும் வருபவை, காலப்போக்கில் குறைபவை. என்னைக் கவலைக்குள்ளாக்கியது வேறொன்று. நான் தந்த சுருக்கத்தின் வாக்கியங்களை அப்படியே வைத்துக்கொண்டு, சொற்களை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றியிருந்தார். பிறர் கருத்தைத் தன் சொற்களில் சொல்லும் ‘பாராஃப்ரேஸ்’ என்றால் இதுதான் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆர்வத்தில், பொதுவளம் என்னும் கலைச்சொல்லான ‘காமன்ஸ்’ என்பதைக்கூட விட்டுவைக்காமல் ‘ஆர்டினரி லேண்ட்ஸ்’ என்று, சாதாரண நிலங்கள் என்னும் பொருளில் மாற்றியிருந்தார். துறையின் மூலச்சொல்லை மாற்றியதும் வாதமே கையை விட்டுப் போய்விட்டது.

“உன் கருத்து இதில் எங்கேம்மா இருக்கிறது?” என்று கேட்டேன்.

“அவங்க நோபல் பரிசு வாங்கினவங்க சார். நான் கள்ளிக்குடிக்காரி. அவங்க சொன்னது சரி, தப்புன்னு சொல்றதுக்கு நான் யாரு சார்?” என்றார்.

இந்தப் பதிலை அடக்கம் என்று பாராட்டிவிட்டுக் கடந்துபோயிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பும் நான்காண்டுக் கல்லூரிப் படிப்பும் சேர்ந்து அவருக்குக் கற்றுத் தந்தது அந்தப் பதிலைத்தான். பாடநூலில் உள்ள விடையை வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண். தன் சொல்லில் எழுதினால் திருத்துபவரின் மனநிலையைப் பொறுத்தது. அப்படி வளர்ந்த பிள்ளையிடம் பிறர் எழுத்தை எடைபோடச் சொல்லும்போது, நாம் கேட்பது ஆங்கிலத்தை மட்டுமல்ல.

அன்று ஆங்கிலத்தை மூடிவைத்துவிட்டு, அவருடைய ஊர்க் கண்மாயைப் பற்றித் தமிழில் கேட்டேன். ஏறத்தாழ இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினார். கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை தலைமடைக்காரர் இரண்டாம் நீர் பாய்ச்சக் கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு இருந்ததையும், மடையைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சிக்கு அறுவடையில் நெல் அளந்ததையும் தாத்தா சொல்லக் கேட்டபடி சொன்னார். பிறகு ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் வரத்துக் கால்வாய் வெட்ட ஆள் அனுப்புவதை நிறுத்தியதையும், மீன்பாசி ஏலத்தின்போது மட்டும் ஊர் கூடுவதையும் சொன்னார். “விதியே இல்லாததால கெட்டுப்போச்சுன்னு ஹார்டின் சொல்ற மாதிரி இல்ல சார், எங்க ஊர்ல விதி இருந்துச்சு. ஆனா விதி இருந்தா போதும்னும் சொல்ல முடியல. வேற தண்ணி கிடைச்சவங்க விதியை விட்டே வெளிய போயிட்டாங்களே” என்றார்.

அவர் யாருடைய கருத்தை மறுத்தார், யாருடைய கருத்தை ஒரு பகுதி ஏற்று ஒரு பகுதி தள்ளினார் என்பதை அந்தச் சில வாக்கியங்களிலேயே காணலாம். எடைபோடும் அறிவு அவரிடம் முழுமையாக இருந்தது. அந்த அறிவைத் தாளில் வைக்கத் தமக்கு உரிமை உண்டு என்பதும், வைப்பதற்கு ஒரு வடிவம் உண்டு என்பதும்தான் அவருக்குத் தெரியாமல் இருந்தன.

நன்னூலின் ஏழு மதம்

கல்விசார் ஆங்கில நூல்கள் இந்தத் திறனை மேலைக் கல்வி மரபின் தனிச்சொத்தைப் போல அறிமுகம் செய்வதுண்டு. 1966இல் ராபர்ட் கப்ளான் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, ஆங்கிலப் பத்தி நேர்கோட்டில் செல்கிறது, கீழை நாட்டவரின் பத்தி சுற்றிச் சுற்றி வருகிறது என்று கோடு போட்டே காட்டியது. பின்னாளில் பலராலும் மறுக்கப்பட்ட கருத்து அது. ஆனாலும் அதன் நிழல் பயிற்சி வகுப்புகளில் இன்னும் இருக்கிறது. ‘நீங்கள் தமிழில் யோசிப்பதால்தான் வாதம் வரவில்லை’ என்று பிள்ளைகளிடம் சொல்லப்படுவதை நானே கேட்டிருக்கிறேன். இதை நான் முழுமையாக மறுக்கிறேன். மறுப்பதற்கான சான்று நம் இலக்கணத்திலேயே இருக்கிறது.

பவணந்தி முனிவரின் நன்னூலைப் பள்ளியில் படித்தவர்கள் பெரும்பாலும் புணர்ச்சி விதிகளுக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் பொதுப்பாயிரம், நூல் எழுதுபவர் பிறர் கருத்தின் முன் எடுக்கக்கூடிய நிலைகளை ஏழு மதங்களாக, அதாவது ஏழு கொள்கைகளாக, தொகுக்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படல், மறுத்தல், முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி அதை இறுதிவரை நிறுத்துதல், இருவர் மாறுபடும்போது ஒருபக்கம் துணிதல் (இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு), பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறரோடு ஒட்டாமல் தன் கருத்தையே கொள்ளுதல். இதே பாயிரம் அடுக்கும் முப்பத்திரண்டு உத்திகளில் நுதலிப் புகுதல், பிறன்கோட் கூறல், சொற்பொருள் விரித்தல், முடிவிடம் கூறல் ஆகியன இருக்கின்றன. சொல்லப்போவதை முன்னரே சொல்லிப் புகுவதும், மேற்கோள் தருவதும், கலைச்சொல்லை வரையறுப்பதும் இவற்றுள் அடங்கும். இன்றைய பல்கலைக்கழகக் கட்டுரைக்கு இவற்றுக்கு மேல் கேட்பது குறைவு.

உரையாசிரியர்களிடம் இது வாழும் வழக்கமாகவே இருந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முன் உரை கண்ட இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்றே மரியாதையுடன் குறித்துவிட்டு, அவர் கூறியது பொருந்தாத இடங்களில் காரணம் காட்டி மறுக்கிறார். மதிப்பும் மறுப்பும் ஒரே வாக்கியத்தில் நிற்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் எங்கிருந்து கொண்டுவர முடியும்? மாணவியிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் ஏழு மதங்களையும் அந்த நான்கு உத்திகளையும் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு வந்தார்.

அந்த அட்டைதான் பிறகு எங்கள் பாடத்திட்டமாக ஆயிற்று. ஒவ்வொரு மதத்துக்கும் உரிய ஆங்கில வினைச்சொற்களை அதன் எதிரே எழுதினோம். ஒருவர் கருத்தைச் சொல்லும்போது ‘ஸ்டேட்’ என்று எழுதினால் எழுதுபவர் ஒதுங்கி நிற்கிறார். ‘டெமான்ஸ்ட்ரேட்’ என்றால் உடன்பட்டுவிட்டார். ‘க்ளெய்ம்’ என்றால் ஐயப்படுகிறார். இந்த நுட்பம் பிடிபடாமல் பிள்ளைகள் எல்லா இடத்திலும் ‘ஸேஸ்’ என்றே எழுதுகிறார்கள். உறுதியைக் குறைத்துச் சொல்லும் ‘மே’, ‘அப்பியர்ஸ்’, ‘டெண்ட்ஸ் டு’ போன்றவற்றை, நம்முடைய ‘எனலாம்’, ‘கூடும்’, ‘போலும்’, ‘எனத் தோன்றுகிறது’ ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தபோது விளக்கமே தேவைப்படவில்லை.

சொல்மாற்றும் பழக்கத்தை விடவைக்க அதிக காலம் ஆயிற்று. நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அமர்ந்து வாரம் ஒரு கட்டுரையைப் படிப்பார். படித்ததும் மூடிவைத்துவிட்டு, அதன் சாரத்தை ஊரில் உள்ள தந்தைக்குச் சொல்வதைப் போலத் தமிழில் நான்கு வரி எழுதுவார். அந்த நான்கு வரியிலிருந்து, மூலத்தைப் பார்க்காமல், ஆங்கிலத்தில் எழுதுவார். கடைசியில்தான் மூலத்தோடு ஒப்பிட்டு, கலைச்சொற்கள் சிதையாமல் இருக்கின்றனவா, ஆசிரியர் பெயரும் ஆண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பார். ஆங்கில வகுப்பில் தமிழுக்கு இடமில்லை என்று கருதும் ஆசிரியர்கள் இந்த முறையை ஏற்கமாட்டார்கள். நடுவில் தமிழ் வந்ததால்தான் மூலத்தின் வாக்கிய அமைப்பு அவர் கையிலிருந்து கழன்றது என்பது என் கணிப்பு. ஏழு வாரங்களுக்குப் பிறகு அவர் எழுதிய சுருக்கங்களில் மூலத்திலிருந்து ஒட்டிவந்த சொற்றொடர்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டன.

சொற்களஞ்சியத்துக்கு, அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலைப் பயன்படுத்தினோம். பல துறைகளுக்கும் பொதுவான 570 சொற்குடும்பங்கள் அதில் உள்ளன; கல்விசார் நூல்களில் வரும் சொற்களில் சுமார் 10 விழுக்காட்டை அவை ஈடுகட்டுகின்றன. பட்டியலை மனப்பாடம் செய்ய நான் அனுமதிக்கவில்லை. படிக்கும் கட்டுரையில் அந்தச் சொல் வரும்போது, அதன் வலமும் இடமும் வரும் சொற்களோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

ஆறு வாரம்

பிரீ-செஷனல் படிப்பு ஜூலை இறுதியில் இணையவழியில் தொடங்கியது. அங்கே காலை 9 மணி என்றால் இங்கே பகல் 1.30. ஊரில் இணைய இணைப்பு நிலையாக இல்லாததால், தினமும் பேருந்தில் வந்து என் வகுப்பறையிலேயே அமர்ந்து கலந்துகொண்டார். நேரடி வகுப்பு, தனிப்பட்ட வாசிப்பு, வாரந்தோறும் ஒரு வரைவு, இறுதியில் 2,000 சொல் ஆய்வுக் கட்டுரை, கேள்வி பதிலுடன் கூடிய உரை, விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் தேர்வு, குழு விவாதம் என்று அது அமைந்திருந்தது. கட்டுரைத் தலைப்பைத் தம் துறையிலிருந்து தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். 2017இல் தமிழக அரசு மீண்டும் தொடங்கிய, நீர்நிலைப் பராமரிப்பில் ஊர்மக்களையே ஈடுபடுத்தும் குடிமராமத்துத் திட்டத்தை முன்வைத்து, கண்மாய்ப் பராமரிப்பை அதன் பாசன நிலமான ஆயக்கட்டின் விவசாயிகளிடம் ஒப்படைப்பது தகுமா என்பதை அவர் எடுத்துக்கொண்டார்.

முதல் வரைவு திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்த டேங்க்கின் கொள்ளளவு எத்தனை லிட்டர், எதனால் செய்யப்பட்டது? நம் ஊர் ஆங்கிலத்தில் கண்மாய்க்கு டேங்க் என்பதே நூறாண்டுகளுக்கும் மேலான வழக்கு. அரசு ஆவணங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஆசிரியரின் மனத்தில் அதே சொல் இரும்பாலோ பிளாஸ்டிக்காலோ ஆன தொட்டியாக விரிந்திருக்கிறது. மாணவி முதலில் வருந்தினார். பிறகு தம் அட்டையை எடுத்துப் பார்த்து, ‘சொற்பொருள் விரித்தல்’ என்ற வரியின் கீழ்க் கோடிட்டார். கரை, மடை, கலுங்கு, வரத்துக் கால்வாய், ஆயக்கட்டு ஆகியவற்றை நான்கு வாக்கியங்களில் விளக்கி, மழைநீரைத் தேக்கும் மண்கரை நீர்நிலை என்று அவர் எழுதிய வரையறை, அந்தக் கட்டுரையிலேயே நன்றாக அமைந்த பத்தி என்று கருதுகிறேன்.

இரண்டாம் வரைவில் வந்த குறைக்கு நானே பொறுப்பு. நிலைப்பாடு எடுக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொன்னதன் விளைவாக, ஹார்டின் கூறியது தவறு என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். எந்தச் சூழலில் தவறு, எதன் அடிப்படையில் தவறு என்று ஆசிரியர் கேட்டிருந்தார். விதியற்ற திறந்தவெளியையும் விதியுள்ள பொதுச்சொத்தையும் ஹார்டின் ஒன்றாகக் கருதினார் என்பதுதான் ஆஸ்ட்ரோம் தரப்பின் விமர்சனம். அதைச் சொல்லாமல் மறுத்தால் மறுப்பு நிற்காது. மூன்றாம் வரைவில், ஹார்டின் விவரித்த அழிவு விதிகள் உள்ள ஊரிலும் நேரக்கூடும், நிலத்தடி நீர் என்னும் மாற்று வழி சிலருக்கு மட்டும் திறக்கும்போது அது நேர்கிறது எனத் தோன்றுகிறது என்று எழுதினார். மார்ச் மாதம் தமிழில் சொன்னது ஆகஸ்டில் ஆங்கிலத்தில், சான்றோடும் அளவோடும் வந்து நின்றது.

ஊரில் தாத்தா சொன்னதைச் சான்றாகத் தரலாமா என்பது அவரை மிகவும் உறுத்திய கேள்வி. முறைப்படி எடுத்த நேர்காணல் அல்ல என்பதால் அதைச் சான்றாக வைக்க முடியாது என்றார் பிரிட்டன் ஆசிரியர். ஆனால் எந்தச் சான்றைத் தேட வேண்டும் என்பதை அது காட்டும் என்றும் சொன்னார். நியாயமான பதில். அதன்பின் மாணவி, தென்தமிழகக் கண்மாய்களைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் தேடி அதே செய்தியை அவற்றிலிருந்து எடுத்துக்காட்டினார்.

கட்டுரையிலும் உரையிலும் தேறினார். குழு விவாதத்தில் எல்லைக்கோட்டில்தான் தப்பினார். பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, தம்மை அழைத்த பிறகே பேசினார் என்றும், அழைக்கும்போது பேசியவை வலுவானவை என்றும் அறிக்கை கூறியது. ஆசிரியர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டியிருந்ததும் அவருக்குக் கடைசிவரை கூச்சமாகவே இருந்தது. இருபது வார வகுப்பில் நான் எழுத்துக்குக் கொடுத்த இடத்தில் கால் பங்கைக்கூடக் குழு விவாதத்துக்குக் கொடுக்கவில்லை. ஒரே மாணவியும் ஒரே ஆசிரியரும் அமர்ந்து விவாதம் பழக முடியாது என்பது உண்மை. அதற்காக வேறு மாணவர்களை அழைத்து வந்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் புறப்பட்டுச் சென்றார். முதல் பருவத்தின் முதல் ஒப்படைப்பில் 54 மதிப்பெண் வந்தது. அங்கே முதுநிலைத் தேர்ச்சிக்கு 50 வேண்டும். விவரிப்பு அதிகம், மதிப்பீடு குறைவு என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். புதிய துறைச் சொற்களும் புதிய ஊரும் சேர்ந்து அழுத்தியபோது பழைய பழக்கம் திரும்பியிருக்கிறது. இப்படித் திரும்புவது இயல்பு என்பதால் நான் அதைத் தோல்வியாகக் கருதவில்லை. அன்றிரவு என்னை அழைத்தபோது அவரே சொன்னார்: “ரெண்டு பேரு சொன்னதையும் எழுதிட்டு, நான் எந்தப் பக்கம்னு எழுதாம விட்டுட்டேன் சார். அட்டையில அஞ்சாவது.”

இப்போது என்னிடம் நான்கு பேர் படிக்கிறார்கள். ஒருவர் மேலூர், ஒருவர் உசிலம்பட்டி, இருவர் மதுரை நகரம். சனிக்கிழமைகளில் நால்வரையும் வட்டமாக உட்காரவைத்து, ஒருவர் பேசும்போதே மற்றவர் இடைமறித்து உடன்படவோ மறுக்கவோ வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு வாரமும் தமிழில்தான் நடந்தது.